கங்காணி வாய் மூடிய ஓணம்

ராமுத்தாய் தோற்றவள் என்று சொன்னால் பெருங்கல் எஸ்டேட்டில் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். ஆனால் தோற்றாள்தான். ஒரு தடவை இல்லை, வரிசையாக ஐந்து தடவை. 1971-ல் தொடங்கி 1975 வரைக்கும் ஒவ்வொரு ஓணத்துக்கும் வடம் இழுப்பில் வடத்தைப் பிடித்தாள், ஒவ்வொரு ஓணத்துக்கும் சேற்றில் விழுந்தாள், எஸ்டேட்டின் மேல் டிவிஷன் பெண்கள் குலவை போட்டுக்கொண்டு பரிசு நேந்திரங்குலையைத் தூக்கிப் போனார்கள். அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றிப் பேசினால் பாதிக் கதைதான் மிஞ்சும்.

போடிமெட்டு தாண்டிக் கேரளத்துப் பக்கம் இறங்கினால் வரும் தேயிலைத் தோட்டங்களில் பெருங்கல்லும் ஒன்று. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், சண்டை தமிழில் நடக்கும், அப்படிப்பட்ட இடம். ராமுத்தாயின் அப்பா சங்கரன்கோயில் பக்கம் மழை பொய்த்த ஒரு வருஷம் மலையேறியவர். அவள் பிறந்ததே எஸ்டேட்டில் வேலைக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில்தான். பதினாலு வயதில் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டினாள். இருபத்தெட்டு வயதில் அவள் இருந்த கீழ் டிவிஷனில் அவளை மிஞ்சிக் கொழுந்து கிள்ள ஆள் கிடையாது. வாயிலும் அப்படித்தான். யாருக்கும் பயந்தவள் இல்லை, ஆனால் மரியாதை தப்பாது.

வடம் இழுப்பு என்றால் விளையாட்டுதானே, தோற்றால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். பெருங்கல்லில் முழுகும். இரண்டு டிவிஷனுக்கும் சேர்த்துக் கொழுந்து நிறுக்க ஒரே ஒரு கொட்டகை, ஒரே ஒரு தராசு. எந்த டிவிஷன் முதலில் நிறுப்பது என்று தினமும் சாயங்காலம் அடிதடி நடக்கும். அதைப் பார்த்துச் சலித்துப்போன ஏதோ ஒரு துரை, ஓணத்தன்று எந்த டிவிஷன் பெண்கள் வடத்தில் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அடுத்த ஓணம் வரைக்கும் முதல் நிறுவை என்று ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். புண்ணியவான்! முதல் நிறுவைக்காரிகள் நாலரை மணிக்கு வீட்டைப் பார்த்து நடப்பார்கள். அடுத்தவர்கள் கூடையோடு மழையில் நின்று, ஆறரை மணிக்கு இருட்டில் இறங்க வேண்டும்.

எஸ்டேட்டில் வேலைக்காரிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளைப்புரை உண்டு. ஐந்து மணி அடித்தால் அங்கே ஆயா கதவைச் சாத்திவிடுவாள். கீழ் டிவிஷன் பிள்ளைகள் மட்டும் வெளியே படியில் உட்கார்ந்திருக்கும். ராமுத்தாயின் மகள் குருவம்மாளும் அந்தக் கூட்டத்தில்தான். புருஷன் பொன்ராஜுக்கு ஃபாக்டரியில் வேலை, ஷிப்டு முடிய ஏழாகும். தினமும் ராமுத்தாய் ஓட்டமும் நடையுமாக இறங்கி வரும்போது, பனிக்குள் ஒரு சின்னக் கம்பளிப் பொட்டலம் படியில் அசையாமல் இருக்கும். நாலு வயதுப் பிள்ளை அழக்கூடச் செய்யாது. அழுதால்கூடத் தேவலையே என்று இவள் நினைத்துக்கொள்வாள்.

அதனால் வடம் அவளுக்கு விளையாட்டு இல்லை. ஐந்து வருஷமும் உயிரைக் கொடுத்துத்தான் இழுத்தாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது தோல்விக்கு மறுநாள் காலையில் எழுந்து தலைவாரிக் கொண்டை போட்டாள், தண்ணீர் சுமந்தாள், கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள். பாதி வழியில் சட்டென்று நின்றுவிட்டாள். கை வலிக்கவில்லை. தோள் வலிக்கவில்லை. இடுப்பு, கெண்டைக்கால், எதுவுமே வலிக்கவில்லை. நேற்று உயிரைக் கொடுத்து இழுத்தவளுக்கு இன்றைக்கு உடம்பு அடித்துப்போட்டது போல இருக்க வேண்டாமா? முன்னால் போனவளைக் கூப்பிட்டு, கை நோவுதா என்று கேட்டாள். இல்லையே என்றாள் அவள். கூட வடம் பிடித்த ஏழு பேரையும் ஒவ்வொருத்தியாகக் கேட்டுவிட்டாள். ஏழு பேரும் நேற்றைக்கு விருந்துக்குப் போய்வந்தவர்கள் மாதிரித் திடமாக இருந்தார்கள்.

"அப்பம் நேத்து நாம இழுக்கவே இல்லட்டி," என்றாள் ராமுத்தாய்.

எல்லாரும் சண்டைக்கு வந்தார்கள். முகம் சிவக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, கண் பிதுங்க இழுத்தோமே, ஊரே பார்த்ததே என்றார்கள். ஊர் பார்த்தது நிஜம்தான். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

அதன் பிறகு அவள் தன் கையைத் தானே வேவு பார்க்கத் தொடங்கினாள். கீழ் டிவிஷனுக்குக் கங்காணி செல்லத்துரை. கெட்டவர் இல்லை, சும்மா சொல்லக்கூடாது, யாருக்கும் ஒரு நாள் பேரைக்கூட அநியாயமாக வெட்டிக் கூலியைக் குறைத்தவர் இல்லை. ஆனால் வாய் மட்டும் ஓயாது. காலையில் பேர் கூப்பிடும் மஸ்டரில் தொடங்கினால் சாயங்காலம் வரைக்கும் மேட்டில் நின்று ஒரே சத்தம்தான்: வெரசா, வெரசா, கை ஓடட்டு! அந்தச் சத்தம் விழுந்ததும் ராமுத்தாயின் விரல்கள் செடிமேல் பறந்தன. தலை குனிந்தது, தோள் கூம்பியது, மூச்சு மேலோட்டமானது. கங்காணி தலை மறைந்ததும் விரல்கள் பழைய நிதானத்துக்கு வந்தன. பறந்த நேரத்தில் கூடையில் விழுந்த கொழுந்தைப் பார்த்தாள். நிதானத்தில் விழுந்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

நடிப்பு! பத்து மணி நேரம் குளிரிலும் அட்டைக்கடியிலும் நிற்கிற உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, யாரும் சொல்லித் தராமலே படித்துவைத்த நடிப்பு. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். ஓணத்தன்று வடத்துக்குப் பக்கத்தில் நின்று ஐந்து வருஷமும் சத்தம் கொடுத்தவரும் இதே செல்லத்துரைதான், இதே வெரசா, வெரசாதான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எட்டு உடம்பும் தினப்படி செய்வதைச் செய்தன. முகம் இழுத்தது, கால் இழுக்கவில்லை. கண்டுபிடித்த அன்றைக்கு ராமுத்தாய்க்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வியாதி தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லை. அடுத்த வருஷம் மழை தொடங்கும் வரைக்கும் யோசித்துக்கொண்டே இருந்தாள். சேர்ந்து விறகு இழுத்து வரும்போது தானே சத்தம் கொடுத்துப் பார்த்தாள், இழு இழு என்றால் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். விடாதே என்று சொல்லிப் பார்த்தாள். விட்டுவிடுவோம் என்கிற நினைப்பே அப்போதுதான் வந்தது.

1976 ஆடி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த மாரித்தாய்க்கு வலி வந்துவிட்டது. நிறைமாசம். மழையில் ரோடு சரிந்து கிடந்ததால் ஜீப் வரவில்லை. நிறுவைக் கொட்டகையில் சாக்கை விரித்து அவளைக் கிடத்தினார்கள். கொழுந்து கிள்ளும் கேங்கில் இருதயம்மாள் என்று ஒருத்தி உண்டு, லயத்துப் பிள்ளைகளில் பாதியைக் கையில் வாங்கியவள். ராமுத்தாய் மாரித்தாயின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் தோள்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

இருதயம்மாள் கத்தவே இல்லை. முக்கு, முக்கு என்றும் அதட்டவில்லை. தாழ்ந்த குரலில் ஒரே நிதானத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்தா வந்துட்டு தாயி. இம்புட்டு வந்துட்டு. இன்னும் ஒரு மூச்சு." எவ்வளவு வந்திருக்கிறது என்று மட்டும்தான் சொன்னாள். எவ்வளவு பாக்கி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் மாரித்தாய் எங்கிருந்தோ இன்னும் கொஞ்சம் பலத்தைக் கொண்டுவந்தாள். ஆண் பிள்ளை, நல்லபடியாகப் பிறந்தது.

மறுநாள் காலையில் ராமுத்தாயால் கொண்டை போடக் கையைத் தூக்க முடியவில்லை. தோள் இரண்டும் விண்விண் என்று தெறித்தன. பிள்ளை பெற்றவள் மாரித்தாய், இவள் சும்மா பிடித்துக்கொண்டிருந்தவள்! வலிக்கிற கையைப் பார்த்து ஒரு பெண் அப்படிச் சந்தோஷப்பட்டதைப் பொன்ராஜ் அதுவரைக்கும் பார்த்ததில்லை. உனக்குக் கிறுக்கா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு நேரே இருதயம்மாளின் வீட்டுக்கு ஓடினாள்.

ஓணத்தன்று வடத்துக்குப் பக்கத்தில் நின்று அதே சத்தம் கொடுக்க இருதயம்மாளைச் சம்மதிக்க வைப்பது பெரும் பாடாகிவிட்டது. ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் அந்தப் பேச்சையா பேசுவது என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் நாலு பேர் நீ கையில் வாங்கியதுதானே மதினி என்று ராமுத்தாய் கேட்ட பிறகுதான் தலையாட்டினாள்.

அதைவிடப் பெரிய பாடு கங்காணி. அவரை வாயை மூடச் சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். சொன்னால் கேங்கின் நடிப்பு வெளியே வந்துவிடும். மற்றவர்கள் பயந்துபோய், வேண்டாம்ட்டி, இன்னொரு வருஷம் இருட்டில் நடந்தாலும் பரவாயில்லை என்றார்கள். அவள் கேட்கவில்லை. ஒரு நாள் மஸ்டர் கலைந்ததும் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீய. ஓணத்துக்கு நீங்க சத்தம் போட வேண்டாம். உங்க சத்தம் கேட்டா எங்க கை நடிக்குது. நாங்க சொன்னாலும் கேக்க மாட்டேங்கு."

செல்லத்துரை அவளை மேலும் கீழும் பார்த்தார். பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. அவளுக்குக் கொடுத்த வரிசையெல்லாம் செங்குத்து மேடும் அட்டைக் காடுமாக இருந்தன. கேங்கில் எல்லாரும் அவளைப் பார்த்த பார்வையில், இது உனக்குத் தேவையா என்று எழுதி ஒட்டியிருந்தது. ராமுத்தாய்க்கு ராத்தூக்கம் கெட்டுப்போயிற்று. பேரை வெட்டிவிட்டால் அடுப்பு எப்படி எரியும்?

பன்னிரண்டாம் நாள் அவரே அவள் வரிசைக்கு வந்து நின்றார். நானும் தேயிலைச் செடி கவாத்து வெட்டினவன்தான், எனக்கு மேலேயும் ஒரு கங்காணி கத்தினான், எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய் என்று கேட்டார். தெரிந்தேதான் கத்துகிறாராம், கத்தாவிட்டால் ஆபீசில் அவர் வேலையே பார்க்கவில்லை என்று நினைத்துவிடுவார்களாம், அவர் கத்துவதும் நடிப்புதானாம். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓணத்துக்கு வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். பழகுவதற்குப் பழைய வடம் ஒன்றையும் ஃபாக்டரியில் கேட்டு வாங்கித் தந்தார்.

சாயங்காலம் இருட்டிவிடும், அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழகினார்கள். முதலில் வடத்தைச் சில்வர் ஓக் மரத்தில் கட்டி இழுத்தார்கள். இருதயம்மாள் சத்தமே கொடுக்காமல் நின்றாள். என்ன மதினி என்றால், "அசையாத மரத்தை வந்துட்டு வந்துட்டுன்னு எப்படிட்டி சொல்ல? நான் பொய் சொல்லிப் பழகல," என்றாள். சரி என்று, ரோட்டோரம் வெட்டிப்போட்டிருந்த ஒரு பெரிய மரத் தடியைக் கட்டினார்கள். தடி ஒரு விரல் அகலம் நகர்ந்தது. விரக்கடை வந்துட்டு என்றாள். அடுத்த மூச்சில் ஒரு சாண் வந்தது. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் தடி ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கிடந்தது. மறுநாள் காலை மஸ்டரில் எட்டுப் பெண்களும் நொண்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்திக்குக் கூடையை மாட்ட இன்னொருத்தி உதவ வேண்டியிருந்தது. நோவுதா என்று கேட்டாள் ராமுத்தாய். உயிர் போகுது தாயி என்று சொல்லிவிட்டு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஓணத்தன்று தூறல் விடவில்லை. ஆபீஸ் முன்னால் மைதானம் சேறும் புல்லுமாகக் கிடந்தது. மேல் டிவிஷன் தலைவி வெள்ளத்தாய் ஆறடி உயரம், நல்ல எலும்பு, நல்ல மனசும்கூட. போன வருஷத்து ஆட்களேதானா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். ஆட்கள் அதேதான் என்றாள் ராமுத்தாய். எட்டுக்கு எட்டு நின்றார்கள். சேலையை வரிந்து செருகிக்கொண்டு, வடத்தின் கடைசி முனையை ராமுத்தாய் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். மூன்றில் இரண்டு இழுத்தவர்களுக்கு வெற்றி. நடுவில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. மலையாளத்துக் கிளார்க் விசிலை ஊதினார்.

"இந்தா வந்துட்டு தாயி," என்றாள் இருதயம்மாள்.

பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி புரிந்துகொண்டு கிளுக்கென்று சிரிக்க, சிரிப்பு தீப்பற்றினது போலப் பரவியது. ஆண்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார்கள். வடத்தைப் பிடித்த எட்டுப் பேர் காதில் அதெல்லாம் விழவே இல்லை. விரக்கடை வந்துட்டு. சாண் வந்துட்டு. சிவப்புத் துணி கோட்டைத் தாண்டிவிட்டது. மேல் டிவிஷன்காரிகள் என்ன நடந்தது என்றே விளங்காமல் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாவது இழுப்பில் வெள்ளத்தாய் சுதாரித்துவிட்டாள். சிரிப்பை நிறுத்திக் குதிகாலைச் சேற்றில் புதைத்துக்கொண்டாள். துணி நடுவில் நடுங்கிக்கொண்டு நின்றது. மெல்ல மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தது. அப்போதுதான் பாவி மனுஷன் செல்லத்துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாக்கு மறந்தது, வாய் திறந்தது. "வெரசா, வெரசா!"

அவ்வளவுதான். எட்டுப் பேர் தோளும் ஒன்றாகக் கூம்பின. ராமுத்தாய் அதைத் தன் முதுகில் உணர்ந்தாள், தடுக்க முடியவில்லை. பல்லைக் கடித்து, கண் பிதுங்கி, ஊர் பார்க்க அழகாக இழுத்துக்கொண்டே எல்லாரும் முன்னால் சறுக்கிப் போனார்கள். இரண்டாவது மேல் டிவிஷனுக்குப் போயிற்று.

சேற்றிலிருந்து எழுந்து அவள் கங்காணியைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டவும் வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவரே தன்னைத் திட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. கழுத்திலிருந்த துண்டை எடுத்தார், நாலாக மடித்தார், வாய்க்குள் திணித்துக்கொண்டு பல்லால் கடித்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று நின்றார். ஒரு கங்காணி தன் ஆட்கள் முன்னால் அப்படி நின்றதை அந்த மலையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது இழுப்பு எத்தனை நேரம் நடந்தது என்பதில் இன்றைக்கும் சண்டை உண்டு. விசில் ஊதிய பிறகு துணி அசையவே இல்லை. இருதயம்மாளும் வாயைத் திறக்கவில்லை. வராததை வந்தது என்று அவள் சொல்ல மாட்டாள். ராமுத்தாய்க்கு இடுப்பில் வடம் அறுத்தது. காலுக்குக் கீழே மண் கரைந்துகொண்டே இருந்தது. போச்சு, இன்னொரு வருஷம் படியில் பொட்டலம்தான் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை அங்கேயே நிறுத்தினாள். முன்னால் நின்ற ஏழு முதுகையும் பார்த்தாள். ஒன்றுகூடக் கூம்பவில்லை. எல்லாம் அகலமாக, மூச்சு நிறைந்து நின்றன. இவர்கள் நிஜமாகவே இழுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள் நெஞ்சு பெருமையில் விம்மியது. ஒரு கால் பின்னால் எடுத்து வைத்தாள்.

"நூல் வந்துட்டு," என்றாள் இருதயம்மாள், பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் சொல்வது போல.

ஒரு நூல்தான். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தால் அது நிஜம். எட்டுப் பேரும் அந்த ஒரு நூலை வாங்கிக்கொண்டார்கள். விரக்கடை வந்துட்டு. இம்புட்டு வந்துட்டு. இன்னும் ஒரு மூச்சு தாயி. கூட்டத்திலிருந்த கீழ் டிவிஷன் பெண்கள் எல்லாரும் தங்களை அறியாமல் கூடச் சொல்லத் தொடங்கினார்கள். கைப்பிள்ளையோடு நின்ற மாரித்தாய் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். கடைசியில் வெள்ளத்தாயின் கால் பிடுங்கிக்கொண்டது, மரம் சாய்வது போல மேல் டிவிஷன் முழுக்க முன்னால் சாய்ந்தது, சிவப்புத் துணி ராமுத்தாயின் முகத்துக்கு நேராகப் பறந்து வந்தது. அவள் மல்லாந்து விழுந்தாள். மேலே தூறல். சுற்றிலும் குலவை. ஐந்து வருஷமாக அடக்கி வைத்திருந்த குலவை எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் எப்படி இருக்கும்! செல்லத்துரை வாயில் துண்டோடு ஆடினார். வெள்ளத்தாய் எழுந்து வந்து கை கொடுத்து ராமுத்தாயைத் தூக்கிவிட்டாள்.

மறுநாளே வேலை தொடங்கியது. கீழ் டிவிஷன் பெண்கள் ஒருத்திக்குக்கூடக் கை மேலே எழவில்லை, கொழுந்து வழக்கத்தில் பாதிதான். செல்லத்துரை வாயைத் திறக்கவில்லை. நாலு மணிக்கு நிறுவைக் கொட்டகையில் அவர்கள் கூடையை முதலில் தராசில் மாட்டினார்கள். நாலரைக்கு எல்லாம் முடிந்தது. நன்றாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் வெயிலில் நடந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று ஒருத்தி கேட்டாள், பதில் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை, எல்லாரும் ஓடினார்கள்.

பிள்ளைப்புரைக் கதவு திறந்தே இருந்தது. குருவம்மாள் உள்ளே தரையில் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. திரும்பவும் குனிந்து மண்ணை நிரப்பினாள்.

"இன்னும் இருட்டலையேம்மா," என்றாள்.

ராமுத்தாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து தோல்விக்கும் அழாதவள் தேம்பித் தேம்பி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிள்ளை பயந்துபோய் வந்து அவள் கன்னத்தை மண் கையால் தொட்டது. இனிமேல் இருட்டுவதற்கு முன்னாலேயே வந்துவிடுவேன் என்று சொல்லி, வலிக்கிற கையால் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். நாளைக்குமா என்று கேட்டது பிள்ளை. நாளைக்கும் என்றாள். அதுக்கு மறுநாள்? மறுநாளும். லயத்துக்குப் போய்ச் சேரும் வரைக்கும் குருவம்மாள் ஒவ்வொரு நாளாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு நாளைக்குக்கூட ராமுத்தாய் இல்லை என்று சொல்ல வேண்டி வரவில்லை.